சத்தியபாமாவின் எழுத்து

சரவணை,
18.8.1967

அன்புள்ள அத்தானுக்கு,

நாகபூசணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை நயினை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருக்கிறேன். இங்கே மழை இல்லை. கிணறு உவர்த்துவிட்டதால் குடிதண்ணீருக்குச் சாட்டியிலுள்ள நல்லதண்ணிக் கிணற்றுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

அப்புத்துரை அண்ணை மாத்தறையிலிருந்து வந்திருந்தார். அங்கே உங்கள் கடை நன்றாக நடக்கிறதாம். மற்றதையும் சொன்னார். அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

சத்தியபாமாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சிலேற்றை விட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். பென்சிலை உலக்கை பிடிப்பது போல் முழுக் கையாலும் பிடிப்பாள், தாள் கிழிந்துபோகும். மாக்கிறேற் ரீச்சர் அடிக்கவில்லை. "விரலுக்கு இன்னும் பலம் வரேல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லி, களிமண் உருட்டவும், சிறு சிப்பிகளை இரண்டு விரலால் பொறுக்கவும் விட்டார். அப்படித்தான் மெல்ல மெல்ல மூன்று விரலால் பிடிக்க வந்தது. வந்தவுடன் உங்களுக்குத்தான் எழுதினாள். "அப்பா எப்ப வருவீங்கள்" என்ற அந்த ஒரு வரிக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனது. என்னைத் தொடவிடவில்லை.

அந்தத் தாளையே சிவப்பு மையால் திருத்தி அனுப்பியிருந்தீர்கள். 'எப்ப' என்பதை வெட்டி 'எப்போது' என்று போட்டிருந்தீர்கள். கீழே, "கோழி கிளறினது போல் இருக்கிறது. எழுத்து அழகாகட்டும், வருகிறேன்" என்று ஒரு குறிப்பு. பகிடிக்கு எழுதினீர்களோ தெரியாது. பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசித்து நம்பிவிட்டாள்.

அன்று தொடக்கம் விளையாடப் போவதில்லை. எழுதுகிறாள், அழிக்கிறாள், திரும்ப எழுதுகிறாள். பென்சிலை அழுத்தி அழுத்தி நடுவிரலில் கொப்புளம் போட்டு வெடித்துவிட்டது. இப்போது அந்த நோவில் பழையபடி முழுக் கையாலும் பிடிக்கிறாள். ரீச்சர் கொப்பியை வாங்கி வைத்தபோது, "என்ர எழுத்து வடிவில்லாததாலதான் அப்பா வரேல்லை, கொப்பியைத் தாங்கோ" என்று அழுதிருக்கிறாள். ரீச்சர் வீட்டுக்கு வந்து, அது மெய்யோ என்று என்னிடம் கேட்டார். பிள்ளை பக்கத்தில் நின்றாள். ஓம் என்று சொல்லவும் ஏலவில்லை. இல்லை என்று சொன்னால், பிறகு என்ன காரணம் என்று அவள் கேட்பாள்.

போன வருடம் தேருக்கும் நீங்கள் வரவில்லை. அப்போது அவளுக்கு எழுதவே தெரியாது.

நீங்கள் வராததன் காரணத்தை எனக்கு எழுதவேண்டாம். நான் கேட்கவும் இல்லை. காரணம் அவளுடைய எழுத்தல்ல என்று அவளுக்கு மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள், அவளே வாசிக்கட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அங்கே பிறந்திருக்கும் குழந்தையையும் அம்மன் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
நாகபூசணி