அஞ்சலையிடம் நான் சொல்லாதது

நேற்றுதான் மறுபடி டூட்டிக்குப் போனேன். நீ போய்விட்டாய் என்று உன் மகள் போனில் சொல்லி ஒன்பது நாளாகிறது. சிநேகிதி செத்ததற்கு இங்கிலாந்தில் லீவு கேட்க முடியாது. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்துக் கிடந்தேன். வார்டுக்குள் நுழைந்ததும் புதிதாகச் சேர்ந்த நோயாளிப் பெண்ணின் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். பெல்ட், ஷூ லேஸ், கழுத்துச் சங்கிலி. தன் உயிருக்குத் தானே ஏதும் செய்துகொண்டுவிடக் கூடாதென்று அவளிடமிருந்து வாங்கி வைத்தவை. படிவத்தின் கடைசிக் கட்டத்தில், இவற்றை எடுக்குமுன் யாரிடம் சொன்னீர்கள் என்று ஒரு கேள்வி. இத்தனை வருஷமாக அதை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று பேனா நகரவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதைப் பேச இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் கிடையாது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கும்பகோணம் சாலையில் இருந்த அந்த மனநல ஆஸ்பத்திரியில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ வலங்கைமான் பக்கத்துக்காரி, உங்கள் தெருவிலேயே முதல் நர்ஸ். நான் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையைத் தவறவிடாத வீட்டுப் பெண். நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேர் சவூதிக்கும் குவைத்துக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். நானும் அனுபவச் சான்றிதழுக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். "இவ உடம்பு மட்டும்தான் இங்க இருக்கு, மனசு ஏரோப்ளேன் ஏறிடுச்சு" என்று மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கேலி செய்வாய். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அடுத்த வேளை உன் பக்கத்தில்தான் வந்து உட்காருவேன்.

பாபநாசம் பக்கத்திலிருந்து அஞ்சலை தன் மருமகளைக் கூட்டிவந்தாளே, அந்த நாளைத்தான் சொல்ல வருகிறேன். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். புருஷன் குவைத்தில். நாலைந்து மாதமாகக் கடிதம் இல்லை. அவள் சாப்பாட்டை நிறுத்தி, தூக்கத்தை நிறுத்தி, சுவரோடு பேச ஆரம்பித்திருந்தாள். ஊசி போட்டதும் தூங்கிவிட்டாள். அஞ்சலை டீ வாங்க வெளியே போயிருந்தாள். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை முடித்தேன். கண்ணாடி வளையல், எடுத்தாயிற்று. தாலி கோத்திருந்த மஞ்சள் கயிறு, கழுத்தை இறுக்கக்கூடியது, எடுத்தாயிற்று. முகம் துடைத்ததில் குங்குமமும் போய்விட்டது. வெளுத்துப்போன ஆஸ்பத்திரிச் சேலையை மாற்றி, எல்லாவற்றையும் கவரில் போட்டு ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். ஒன்றுகூட விடுபடவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மத்தியானம் அவள் கண் விழித்தபோது அஞ்சலை கட்டிலடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெறும் கழுத்து, வெறும் கை, வெறும் நெற்றி. தூங்கும்போதே தனக்குத் தாலியறுப்பு எல்லாம் செய்து முடித்துவிட்டார்கள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். வேறு எதை நினைப்பாள்? நாம் சாப்பாட்டுத் தட்டு எடுத்துக்கொண்டிருந்த நேரம் பின்கதவு வழியாக வாய்க்காலுக்கு ஓடிவிட்டாள். பாசனத்துக்கு முறைத் தண்ணீர் விட்டிருந்த நேரம், கரை தொட்டு ஓடியது. நீ ஓடிப்போய்க் குதித்தாய். நான் கரையில் நின்று கத்தினேன், அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் அவள் கூந்தலை உடும்புப் பிடியாகப் பிடித்து நீ இழுத்து வந்தாய்.

ஈரச் சேலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். "எப்பக்கா செத்தாரு?" என்று அவள் கேட்டாள். நானாக இருந்தால், சேச்சே, அவர் நன்றாக இருக்கிறார் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். நீ சொல்லவில்லை. "அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தாலியக் கழட்டுனது நாங்க. ஆஸ்பத்திரில எல்லாருக்கும் அப்படித்தான் கழட்டுறது. அது மட்டும் சத்தியமாத் தெரியும்" என்றாய். பிறகு கவரைப் பிரித்துத் தாலியை அவள் உள்ளங்கையில் வைத்தாய். கயிற்றைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கழுத்தை வெறுமனே விடவும் முடியாது. தையல் பெட்டியிலிருந்து ஒற்றை நூல் எடுத்து மஞ்சளில் தோய்த்தாய். சுண்டினால் அறுகிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாய். இரண்டு தரமும் அறுந்தது, இனி அது கழுத்தை இறுக்காது. திருப்தியோடு மூன்றாவது நூலில் தாலியைக் கோத்து, அஞ்சலையைக் கொண்டே கட்டவைத்தாய். அப்புறம் அவள் ஒரு வாய் கஞ்சி குடித்தாள். எந்தப் பட்டியலிலும் அந்த நூல் கிடையாது. டாக்டரிடம் நீயே போய்ச் சொல்லி அனுமதி வாங்கினாய்.

மறுநாள், அவள் ஓடியதைப் பற்றி விசாரணை. உறவினரிடம் சொல்லிவிட்டுத்தான் கழற்றினேன், அந்த அம்மாள்தான் கவனிக்காமல் தூங்கிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ் போய்விடுமோ என்ற பயம். "அஞ்சலைகிட்ட சொன்னியாடி?" என்று நீ ஒரே ஒரு தடவை கேட்டாய். சொன்னேன் என்றேன். நீ என்னைப் பார்த்தாய், அதோடு விட்டுவிட்டாய். அஞ்சலையை வார்டுக்குள் விடக்கூடாது என்று உத்தரவாயிற்று. மூன்று நாள் அந்தக் கிழவி வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நீ உன் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாய். என்னையும் கூப்பிட்டாய். தலைவலி என்றேன்.

அந்தப் பெண் தேறி வீட்டுக்குப் போனாள். நான் ரியாத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தேன். வாராவாரம் போனில் உன் மகளைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி, குறுவைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி எல்லாம் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. உனக்குக் குரல் எழும்பாத கடைசி நாட்களில்தான் கேட்டாய்: "ஏ ஸ்டெல்லா, அந்தக் கெழவி பேரு என்னடி? ரெண்டு நாளா யோசிக்கிறேன், வரவே மாட்டேங்குது." எந்தக் கிழவி என்றேன். "சரி, விடு" என்றாய். நிஜமாகவே மறந்துபோய்க் கேட்டாயா, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாயா, இனி யாரைக் கேட்பேன்?

அஞ்சலை. நான் ஒருநாளும் மறந்ததில்லை. யாரிடமிருந்தும் எதையும் எடுக்குமுன் அவர்கள் முகத்தைப் பார்த்து, இது உங்களுக்கு என்ன, இதை எடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறேன். மயக்கத்தில் இருந்தால் விழித்ததும் சொல்ல ஒரு ஆளை உட்காரவைக்கிறேன். இதற்காக இங்கே எனக்குப் பாராட்டுக்கூட உண்டு. பாராட்டும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. விசாரணை அறையில் நீ இல்லை. நான் எழுதியதை வாசித்துக் காட்டியதும், அஞ்சலை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "சிஸ்டரம்மா சொல்லியிருப்பாங்க. எனக்குத்தான் காது சரியாக் கேக்காது" என்றாள். அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அவள் கட்டைவிரலைப் பிடித்து மை தொட்டுத் தாளில் அழுத்தியது நான். மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டரம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நல்லாத்தான் இருக்கிறேன்டி. அதைத்தான் தாங்க முடியவில்லை.