ஆத்துச் சடக்கில் இன்னொரு சுமைதாங்கி

என் பாக்கியம் அண்ணிக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க. உங்க நாத்தனார் அஞ்சலைதான் பேசுறேன். நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டா"ன்னு முறத்தை எடுத்துக்கிட்டு வெளியே போயிடுவீங்களே, இன்னைக்கு அப்படி எழுந்து போக முடியாது. கேட்டுத்தான் ஆகணும்.

இன்னைக்கு உங்களுக்குத் தலைத்திவசம். படையலுக்கு மரவள்ளிக்கிழங்கை விட்டா வேற கதியில்லை. அலோர் ஸ்டார் பக்கமிருந்து சைக்கிளில் அரிசி மூட்டை கட்டிக்கிட்டு வருவானே மலாய்க்கார மாட், அவன் கொடுத்த ஒரு பிடி அரிசியை மட்டும் தனியாப் பொங்கி இலையில் வச்சிருக்கேன். உங்க மக தனம் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. படைச்சு முடிச்சதும் அவளுக்குத்தான் அந்தச் சோறு. நீங்க கோவிச்சுக்க மாட்டீங்க.

எழுதுறது உங்களுக்குத்தான். ஆனா படையலுக்கு முன்னாடி நின்னு, லயத்துச் சனம் பூரா கேட்கிற மாதிரி உரக்கப் படிக்கப் போறேன். அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. உங்ககிட்டே சொல்றதை ஒட்டுக் கேட்டாலாவது உறைக்குதான்னு பார்ப்போம்.

முதல்ல தனத்தோட சேதி. பிள்ளை ஆளாயிட்டா அண்ணி. சடங்கில்லை, புதுச் சேலையில்லை. கடையில் துணியே கிடையாது. என் பழைய சேலையைக் கிழிச்சுத்தான் தாவணியாக் கட்டிவிட்டேன். அந்தச் சேதி கங்காணி காதுக்கு எப்படிப் போச்சோ தெரியலை. பெரிய பிள்ளையாச்சே, இனிமே கிழங்கு சுமக்க வரட்டும்னு சொல்லிட்டாரு. நாளை கழிச்சுத் திங்கட்கிழமையிலிருந்து அவ கிழங்குக் கூடையைத் தூக்கிக்கிட்டு ஆத்துச் சடக்கு வழியா ஜப்பான் பட்டாளத்துக் கொட்டாய்க்கு நடக்கணும். நீங்க நடந்த அதே சடக்கு.

அந்தச் சடக்கைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு பக்கம் ரப்பர் பால் வெட்டுற கித்தா மரம், அதுக்குக் கீழே இடுப்பளவு கால்வாய். மறு பக்கம் ஆறு. நடுவில் ஒரு லோரி போறதுக்குத்தான் இடம். அதிலேயேதான் நாமளும் நடக்கணும், சைக்கிள்காரங்களும் போகணும். இப்போ சைக்கிளுக்கு டயரும் கிடைக்கிறதில்லை. கித்தா ஷீட்டைக் கிழிச்சுச் சக்கரத்தில் சுத்தி ஓட்டுறாங்க. பிரேக் எல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு, வெறுங்காலைத் தரையில் தேய்ச்சுத்தான் நிறுத்தணும். முதுகுப் பக்கம் அரிசி மூட்டை இருந்தா அதுவும் நிக்காது.

உங்களுக்கு நடந்ததை உங்களுக்கே சொல்றது பைத்தியக்காரத்தனம்தான். ஆனா சின்னஞ்சிறுசுங்களும் கேட்டுக்கிட்டு இருக்கு. எதனால செத்தீங்கன்னு அதுங்களுக்குச் சரியாத் தெரியணும்.

சடக்கு வளைவில் பட்டாளத்து லோரி வந்துச்சு. ஜப்பான்காரன் வண்டி வந்தா நின்னு, அதைப் பார்த்துத் திரும்பி, குனிஞ்சு கும்பிடணும். இல்லைன்னா கன்னம் பழுத்துடும். மரத்துப் பக்கம் கால்வாய் இருக்கிறதால எல்லாரும் ஆத்து ஓரமாத்தான் ஒதுங்கினோம். உங்களுக்கு நிறைமாசம். தோளில் காண்டாக் கம்பு. நேரா நடக்கிறப்போ கம்பும் சடக்கோட நேரா இருக்கும், முன்னாடி ஒரு கூடை, பின்னாடி ஒரு கூடை, யாருக்கும் இடைஞ்சலில்லை. லோரியைப் பார்த்துத் திரும்பினா கம்பும் சேர்ந்துதானே திரும்பும்? முன்கூடை சடக்குக்குள்ளே நீட்டிக்கிட்டு நிக்குது. பின்கூடை ஆத்துக்கு மேலே தொங்குது.

வேற சனமா இருந்தா சுமையைத் தரையில் போட்டுட்டுக் கும்பிட்டிருக்கும். நமக்கு அது வராது. நம்ம தோள் கித்தாப் பால் வாளி சுமந்த தோள். வழியில் இறக்கினா பால் சிந்தும், சிந்தினா கங்காணி வாயில் விழணும். ஸ்டோருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் கம்பு தோளை விட்டு இறங்கக் கூடாதுன்னு சின்ன வயசிலேயே உடம்பில் ஊறிப் போச்சு. கிழங்கு சிந்தாதுதான். உடம்புக்கு அது புரியணுமே. நீங்களும் இறக்கலை, நானும் இறக்கலை, அன்னைக்கு ஒருத்தியும் இறக்கலை.

லோரி உங்க முன்கூடையைத் தட்டுச்சு. கம்பு உங்களைச் சுழற்றி ஆத்துக்குள்ளே வீசிடுச்சு. கும்பிட்ட தலையை நான் நிமிர்த்துறதுக்குள்ளே நீங்க நின்ன இடத்தில் ஆளில்லை. லோரி நிக்கலை. மாட்தான் சைக்கிளைக் கீழே போட்டுட்டுக் குதிச்சான். அவன் உங்களைக் கரையேத்தினப்போ உள்ளங்கையில் இன்னும் சூடு இருந்துச்சு. வயித்தில் கை வச்சுப் பார்த்தேன் அண்ணி. உள்ளே அசைவு இருந்துச்சா, என் கைதான் நடுங்குச்சா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

அதுக்கப்புறம் நான் சும்மா இருக்கலை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டம் தீம்பாரையெல்லாம் பார்த்துக்கிற, கணக்கெழுதுற யாழ்ப்பாணத்துக் கிராணியார்கிட்டே போய் நின்னேன். ஒரு வரிசை மரத்தைச் சாய்ச்சு, கால்வாயைத் தூர்த்துக் கொடுங்க, நடக்கிறவங்க உள்பக்கமாப் போயிடுறோம், சைக்கிள்காரங்க வெளிப்பக்கம் போகட்டும்னு கேட்டேன். பாவம், கெட்ட மனுஷர் இல்லை. மரமெல்லாம் இப்போ பட்டாளத்துச் சொத்து, ஒண்ணு குறைஞ்சாலும் தன் தலை தப்பாதுன்னாரு. "எனக்கும் பிள்ளையள் இருக்கினம் அஞ்சலை" என்று சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

சரின்னு மூங்கிலை வெட்டி ஆத்து ஓரத்தில் வேலி நட்டோம். லோரியில் கீறல் விழுதுன்னு சிப்பாய்ங்க அத்தனையையும் பிடுங்கி எறிஞ்சாங்க. பக்கத்தில் நின்னவங்களுக்கெல்லாம் அறை. எனக்கு இடது காது இன்னும் சரியாக் கேட்கலை. நீங்க இருந்தா, பேசுற வாய் சும்மா இருக்க, கேட்கிற காதுக்கா அடின்னு சிரிச்சிருப்பீங்க.

கடைசியில் வழி காட்டினது நம்ம கோயில் பண்டாரம்தான். வயித்துப் பிள்ளையோட போனவளுக்குச் சுமைதாங்கி வைக்கணும், அவ இறக்காத சுமையை வழிப்போக்கர் இறக்கி வச்சாத்தான் அவளுக்கு ஆறும்னாரு. அவர் சாஸ்திரம் சொன்னாரு. எனக்குக் கண்ணு முன்னாடி உங்க கம்புதான் வந்துச்சு. ரெண்டு தூண், மேலே ஒரு கட்டை, தோள் உயரம். குனியவும் வேண்டாம், தரையில் போடவும் வேண்டாம், அப்படியே கம்பைச் சாய்ச்சு வச்சிடலாம். நம்ம உடம்பு அதுக்குச் சம்மதிக்கும்.

கல்லுக்கு எங்கே போறது? கித்தா மரமோ பூச்சி விழுந்து உளுத்துப் போகும். மூடிக் கிடக்கிற புகைக்கூடத்தில் ஷீட் காயப் போடுவோமே, அந்தப் பழைய உத்திரத்தைக் கழட்டினோம். கிராணியார் அந்தப் பக்கமா வந்தாரு, எனக்கு உயிரே போச்சு. "நான் இந்தப் பக்கம் வரவுமில்லை, ஒண்டும் காணவுமில்லை" என்று சொல்லிட்டு வந்த வழியே போயிட்டாரு. வளைவில், மரத்துப் பக்கமாவே, கால்வாய் மேல் நிக்கப் பலகை போட்டு, ஓரத்தில் நட்டோம். மாட் கயிறு கொண்டு வந்து இறுக்கிக் கட்டினான். ஜப்பான் அதிகாரி வந்து என்னன்னு கேட்டான். செத்த பொம்பளைக்கு வச்சதுன்னு கிராணியார் எடுத்துச் சொன்னதும், தொப்பியைக் கழட்டி நின்னுட்டுப் போனான். உயிரோட இருந்தப்போ லோரியை நிறுத்தலை, செத்த பிறகு தொப்பியைக் கழட்டுறான். என்னத்தைச் சொல்ல?

ஆனா ஒண்ணு, அது வேலை செஞ்சுச்சு. லோரிச் சத்தம் கேட்டா கம்பைக் கட்டையில் வச்சிட்டு, மரத்துப் பக்கம் நின்னு கும்பிடுவோம். ஆத்து ஓரம் சைக்கிள்காரங்களுக்குக் காலியா இருக்கும். மாட் எல்லா அரிசிக்காரங்ககிட்டேயும் சொல்லி, டின்னில் கல்லைப் போட்டுச் சைக்கிளில் கட்டச் சொன்னான். வளைவுக்கு வரும்போதே கடகடன்னு கேட்டுடும். அந்த வளைவில் அதுக்கப்புறம் யாரும் விழலை. அது உங்களாலதான்.

வளைவு ஒண்ணுதானா சடக்கு? மத்த இடமெல்லாம் பழையபடிதான் கிடக்கு. இப்போ லோரிச் சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு உங்க கட்டையை நோக்கி ஓடுறாங்க, கூடையோட. போன வாரம் மாரியாயி, அவளும் பிள்ளைத்தாச்சி, ஓடி வழுக்கி விழுந்தா. பின்னாலே வந்த சைக்கிள் அவ கையில் ஏறிடுச்சு. கை முறிஞ்சது, பிள்ளை தப்புச்சு. மழை வேற பிடிச்சுக்கிச்சு அண்ணி. ஆத்து ஓரம் பொத்துப் பொத்துன்னு உள்ளே விழுது. நேத்து நடந்த இடம் இன்னைக்கு இல்லை.

இன்னும் நாலு இடத்தில் கட்டை நட்டா ஓட வேண்டியதில்லை. புகைக்கூடத்தில் உத்திரம் இருக்கு. மாட் ஆள் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டான். நம்ம சனம்தான் மண்வெட்டியைத் தொடமாட்டேங்குது. ஏன் தெரியுமா? சாவு இல்லாம சுமைதாங்கி வைக்கக் கூடாதாம். வச்சா அது இன்னொரு பிள்ளைத்தாச்சியைக் கேட்குமாம். மாரியாயி மாமியார் என் காலில் விழுந்து, என் மருமகளைக் காவு கொடுத்திடாதேடின்னு அழுதா. கையை முறிச்சது சைக்கிள், காரணம் நான் சொல்ற கட்டையாம். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்திட்டேன். லோரி வந்து பண்டாரத்தைக் கேட்டுட்டா ஏத்துது? சாவு விழுந்தாத்தான் கட்டை நடுவீங்கன்னா, அடுத்தது யார்? தனமா?

கத்திட்டு வந்து நானும் பயந்துதான் கிடந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அவங்க சொல்றது நிஜமா இருந்தா என்ன செய்றது?

சயாமிலிருந்து அண்ணன்கிட்டேயிருந்து ஒரு சேதியும் இல்லை. என் வீட்டுக்காரரும் அங்கேதான். ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போனவங்க இருக்காங்களா இல்லையான்னு சொல்ல ஆளில்லை. அண்ணன் வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்? பொண்டாட்டி எங்கேன்னு கேட்பான், சொல்லிடுவேன். பிறக்க வேண்டியது எங்கேன்னு கேட்பான், அதையும் எப்படியாவது சொல்லிடுவேன். தனம் எங்கேன்னு கேட்டா? அந்தக் கேள்வி வரவே கூடாது.

அதனால பண்டாரத்தைத் தனியாப் பார்த்துக் கேட்டேன். உயிரோட இருக்கிறவ தன் பேரில் சுமைதாங்கி வச்சுக்கலாமா, காவு கேட்டா என்னையே கேட்கட்டும்னு. மனுஷர் சொன்னாரு.

"வைக்கலாம் அஞ்சலை. ஆனா வச்ச அன்னைக்கே நீ செத்தவ கணக்கு. நல்லது கெட்டதுக்கு உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அந்தப் பிள்ளை கல்யாணத்தில் நீ பந்தலுக்குள்ளே நிக்க முடியாது."

நான் பெத்தவ இல்லை. எனக்கு இருக்கிறது இந்த ஒரு பிள்ளைதான். அவளை மணையில் உட்கார வச்சு, நீங்க இல்லாத குறைக்கு நானே ஆலாத்தி எடுக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன். அந்த ஆசையை நினைச்சு நேத்துப் பூரா அழுதேன். இப்போ அழுது முடிச்சாச்சு.

இதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறவங்களே, இனிமே உங்களுக்குப் பயம் வேண்டாம். நாளைக்கு நடப் போற கட்டை எல்லாமே என் பேரில். மாரியாயி பேரில் இல்லை, பிறக்கப் போற எந்தப் பிள்ளை பேரிலும் இல்லை. வர்றவங்க மண்வெட்டியோட வாங்க. வராதவங்க வீட்டிலேயே இருங்க, நானும் மாட்டும் தோண்டிக்கிறோம்.

அண்ணி, உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணித் தர்றேன். திங்கட்கிழமை உங்க மக அந்தச் சடக்கில் நடக்கிறப்போ, கம்பை இறக்கி வைக்க அவளுக்குக் கைக்கெட்டுற தூரத்தில் ஒரு இடம் இருக்கும். அவளுக்கு ஒரு நாள் கல்யாணம் நடக்கும். ஆலாத்தியை வேற யாராவது எடுக்கட்டும். நான் வெளியே, பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்னு, அவ நடந்து வர்றதைப் பார்த்துக்கிறேன்.

செத்தவ கணக்கில் எழுதினாலும்
உங்களுக்கு நாத்தனார், தனத்துக்கு அத்தை,
அஞ்சலை