எரிந்த காட்டைப் பற்றி அக்காவுக்கு

என் அன்பு அக்கா,

உன் காடு எரிந்துவிட்டது என்று அன்றைக்கு நான் உனக்குச் சொல்லவில்லை. வட கனடாவில் நீ கோடைதோறும் போய் ஆராய்ந்த அதே கறுப்பு ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் காடு. செய்தியில் படத்தைப் பார்த்தேன். பிறகு நோர்பரியில் உள்ள நம் வீட்டிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து, உன் கட்டிலருகே இருந்து தோடம்பழம் உரித்தேன்.

"என்னடி, ஒண்டும் கதைக்கிறாயில்லை?" என்றாய்.

"பஸ்ஸில சரியான சனம்" என்றேன்.

நோயில் கிடக்கும் வருத்தக்காரருக்குக் கெட்ட செய்தி சொல்லாமல் இருப்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா? அம்மப்பா இறந்ததையே, அம்மா தன் ஒப்பரேஷன் முடிந்து வீடு வந்த பிறகுதானே அவருக்குச் சொன்னோம். காட்டைப் பற்றி என்னிடம் கேட்டறிந்த அம்மா, "கண்ணுக்குக் கூடாது பிள்ளை" என்று உன் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு காலமும் கண்ணுக்கு நல்லதா இருந்ததோ?" என்று கேட்டாய். மூவரும் சிரித்தோம்.

நீ கண்மூடிப் போன பிறகு ஒரு கேள்விதான் என்னை அரித்தது. உன்னை ஏமாற்றியா அனுப்பினோம்?

வசந்தத்தில், உன்னோடு வேலை செய்த தர்ஷினி டொரண்டோவிலிருந்து பேசினாள். காடு எரிந்தது உனக்குத் தெரிந்திருந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அவவுக்கு முதல் நாளே தெரியும். நான்தான் சொன்னனான். 'வீட்டில சொல்லிப்போடாதை, காட்டுக்கும் சேர்த்துச் செத்தவீடு செய்வினம்' எண்டவ."

அப்படியென்றால் நீயும் எங்களிடம் மறைத்துக்கொண்டா கிடந்தாய்?

மற்றதையும் அவள்தான் விளக்கினாள். ஸ்ப்ரூஸ் காய்களைப் பிசின் மூடியிருக்கும். நெருப்புச் சூட்டில்தான் அவை நன்றாகத் திறந்து விதை கொட்டும். நெருப்பு வருவதல்ல, அடிக்கடி வருவதுதான் உன் பயமாம். வெப்பம் கூடக் கூட, இளமரங்கள் காய்க்க முன்னரே மறுபடி எரிந்துபோகின்றன. பிறகு கொட்ட விதை ஏது?

"அக்கான்ர மரங்கள் நல்ல வயசு. நிலத்தை மூடின பாசியும் அடிவரைக்கும் எரியேல்லை, அதால கீழ நிலம் உருகாமல் உறைஞ்சபடிதான் கிடக்கு, அதுவும் நல்லது. இனி முளைக்குதோ எண்டு போய்ப் பார்க்கவேணும்" என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன். "கள்ளி, எங்களையெல்லே பேய்க்காட்டியிருக்கிறாள்" என்றார். நீ போனதற்குப் பிறகு அவர் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இனி இந்த வீட்டில் யாரிடமும் எதையும் மறைக்கமாட்டேன், அக்கா. நல்லதோ கெட்டதோ, உனக்கும் எழுதுவேன்.

ஜூலையில் அம்மாவும் நானும் தர்ஷினியோடு அங்கே போனோம். கரிந்த மரங்களுக்கு அடியில், நகமளவு உயரத்தில், ஸ்ப்ரூஸ் முளைத்திருந்தது.

உன் ஒரே தங்கச்சி