பெண்கள் முடுக்கு

9 ஜூன் 1949, வியாழன்
காயல்பட்டினம்

காலையில் பெண்கள் முடுக்கின் சுவரை இடித்தார்கள். இடிக்கச் சொன்னவன் நான். என் கூடப் பிறந்த லாத்தா வீட்டிலிருந்து எங்கள் கொல்லைக் கதவு வரைக்கும், ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் வந்துபோக அந்தக் காலத்தில் விட்ட சந்து. ஆண்கள் நுழையக் கூடாதாம். அதனால் சர்வேயரும் உள்ளே போகாமல் வெறும் புறம்போக்கு என்று எழுதிவிட்டுப் போனார். தப்பென்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. என் காருக்கு ஷெட் போட இடம் வேண்டும்.

மதியம் லாத்தா வேலைக்காரியை அனுப்பினாள். “கொத்தனாருவ நிக்காங்களாம், எப்படி வருவேன், உம்மாக்கு ஆரு கஞ்சி குடுப்பான்னு கேக்காங்க” என்றாள் வந்தவள். லாத்தா எனக்கு மூத்தவள், புத்தி வேண்டாமா? தெரு வழியாக வந்தால் தேய்ந்தா போய்விடுவாள்?

எங்களைப் பெற்ற உம்மா படுக்கையில் கிடக்கிறாள், காது மந்தம். சுவர் விழுந்ததே தெரியாது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன் லாத்தாவ இன்னும் காணலியே?”

காதருகே குனிந்து சொன்னேன்: “ஒன்னப் பாக்கப் பிடிக்கலியாம் உம்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. அவள் அழவில்லை. நான் கொடுத்த கஞ்சியை முழுக்கக் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டதும், கொல்லைக் கதவைச் சாத்தச் சொன்னாள்.