பாரம் என்றொரு சொல்

ஜூன் 2, ஞாயிறு

நான்கு மாதத் தேடலுக்குப் பின் ஒரு சபையைக் கண்டடைந்தேன். டயர்க் கடைக்கு மேல் மாடி. இந்நகரில் ஞாயிறு என்பது துணி துவைக்கும் நாள். ஆலயம் எங்கே என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

பாட்டுத்தாளில் பதினோர் ஒற்றுப்பிழைகள். பள்ளிக்கூட வாசலை மிதியாமல், வேதாகமத்தை எழுத்துக்கூட்டியே தமிழ் கற்றவள் நான். வலக்கண்ணில் புரை வளர்ந்திருந்தாலும் பிழை தப்பாது.

பேருந்து ஓட்டும் பெண் ஒருத்தி தேநீரை நீட்டி, "நம்பர் குடுங்கக்கா" என்றாள். மறுத்துவிட்டேன். முன்பின் அறியாதவளிடம் எதற்கு இத்தனை கரிசனம்?

ஜூன் 5, புதன்

கப்பலிலிருந்து மகன் அழைத்தான். "சும்மா யாரும் டீ குடுக்க மாட்டாங்கம்மா. உஷாரா இருங்க." என் வயிற்றில் பிறந்தவன் அல்லவா!

ஜூன் 9, ஞாயிறு

படிக்கட்டில் இறங்குகையில் செவியில் விழுந்தது. ஓட்டுநர் போதகரிடம் சொல்கிறாள்: "பின்னாடி உக்கார்ற அந்த அக்கா இருக்காங்கள்ல, ஒரு வாரமா எனக்கு ஒரே பாரமா இருக்குய்யா." அவர், "எனக்கும்தாம்மா."

பாரமா? நானா? அவர்களிடம் நான் குடித்தது இரண்டே கோப்பைத் தேநீர்! விடுதியில் நாளொன்றுக்கு இருநூறு படுக்கை விரிப்புகளை மடித்துப் பிழைக்கிறவள். எவருக்கும் சுமையாய் இருந்ததில்லை. இனி அந்தப் படியை மிதியேன்.

ஜூன் 12, புதன்

கண் மருத்துவமனை. வரும் செவ்வாயன்று அறுவை சிகிச்சை. "துணைக்கு ஆள் இல்லாம ஆபரேஷன் கெடையாதும்மா. இப்ப விட்டா அடுத்து நாலு மாசம் ஆகும்" என்றாள் செவிலி. அதுவரை கண் தாங்குமா? விடுதியில் எவருக்கும் அன்று விடுப்பில்லை. படிவத்தில் 'துணை' என்ற கட்டம் வெறுமையாய் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

போகவில்லை. அறை மிகவும் அமைதியாக இருந்தது.

ஜூன் 17, திங்கள்

வேலைக்குப் போக ஏறிய பேருந்தில் அவளே ஓட்டுநர்! கடைசி நிறுத்தத்தில் எழுந்து வந்தாள். "ஏங்கா நேத்து வரல?"

"பாரமாக இருக்க எனக்கு விருப்பமில்லை."

விழித்தாள். பிறகு இருக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அக்கா! உங்களுக்காக ஜெபிக்கணும்னு மனசுல ஏறி உக்காந்துருச்சுன்னு அர்த்தம். சபையில அப்படித்தான் சொல்லுவோம்."

நான் படித்த வேதாகமத்தில் பாரம் என்றால் சுமைதான். இது என்ன புதுப்பொருள்? நம்பலாமா? நம்பாவிட்டால் கண் போய்விடும். "நாளை ஒருவர் என்னுடன் மருத்துவமனைக்கு வர இயலுமா?" என்று கேட்டேன்.

"இத கேக்கவா இவ்ளோ இலக்கணம்? லீவு போட்டுட்டு வர்றேன்."

ஜூன் 18, செவ்வாய்

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் அவள் 'சகோதறி' என்று எழுதினாள். றகரம் பிழை. நான் திருத்தவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கடைசி வரிசையில் புதிதாக ஒரு பெண்மணி. தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். நம்பர் கேட்டேன்; தர மறுத்துவிட்டார். சரியான சந்தேகப் பிராணி! வீடு திரும்பிய பின்னும் அவர் நினைவே. எனக்கு ஒரே பாரமாக இருக்கிறது.