இரண்டு ஹெட்போனும் நல்லதுதான்

மாதாவே துணை

காரைக்கால்,
5-3-1985

அன்பு மகள் மரிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க மாதா காவல் இருக்கட்டும். இங்கேயும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பைக் கேட்டால் மூன்று பேரும் சுகம், வீட்டைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் உன் அப்பா தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து, நீ அனுப்பிய ஹெட்போனை அவன் தலையில் மாட்டிப் பழக்கிக்கொண்டிருக்கிறார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அரிசி டின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். "விரலத் தூக்குடா, இப்பத் தூக்கு, என்னடா தூங்குற" என்று அவர் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். கேட்க வேண்டியவனுக்குத்தான் கேட்கவில்லை. என்ன பழக்கம், எதற்கு என்று நீ திகைப்பாய், முதலிலிருந்து சொல்கிறேன்.

போன கடிதத்தில் நான் உனக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். பாரீசுக்குப் போயும் சந்தைக் கடையில் ஏமாந்து நிற்கிறாயே, வாக்மேன் நல்லது, கூட வந்த ஹெட்போன் ஒரு காசுக்குப் பெறாது என்று எழுதினேன் அல்லவா, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. எழுதினதில் பாதி உண்மைதான். அந்தத் தகரப் பட்டை என் கொண்டைக்கு மேல் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு வந்துவிடும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் கேசட்டில் நீ பேசி அனுப்பிய குரலைக் கேட்க வேண்டும், ஒரு கையில் கரண்டி இருந்தால் ஒரு காதுக்குத்தான் மகள். காதில் வைக்கிற கறுப்புப் பஞ்சு நம் ஊர் வேர்வைக்கும் தலை எண்ணெய்க்கும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. உன் குரல் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது, மாப்பிள்ளையின் கனத்த குரல்கூடக் கொசு மாதிரி வந்தது. அதெல்லாம் மலிவுச் சாமானின் குணம், போகட்டும். இடது பக்கம் சத்தமே சரியாக வரவில்லை என்று எழுதினேனே, அது மட்டும் நான் கண்டுபிடித்தது இல்லை, உன் தம்பி ழோர்ழ் சொன்னது. நானும் அப்பாவும் ஒரு பக்கம் கேட்கிறதா இரண்டு பக்கம் கேட்கிறதா என்றா பார்த்தோம், உன் குரல் வந்தால் போதும் என்று இருந்தோம். அவன் சொன்னான், நான் அப்படியே எழுதினேன்.

நீயும் ரோஷக்காரி, உடனே இன்னொன்று வாங்கி அப்பாவின் சிநேகிதர் சண்முகசுந்தரம் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாய். அவர் பென்ஷன் வேலையாக ஊருக்கு வந்தவர் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக நம் வீட்டுக்குத்தான் வந்தார். இது பிளாஸ்டிக் பட்டை, இறுக்கமாக இருக்கிறது, நண்டு பிடித்த மாதிரி இரண்டு காதையும் கவ்வுகிறது. சத்தம் முன்னதைவிடத் தெளிவு. குட்டிப் பெண் சிரிப்பதற்கு முன்னால் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது, நான் அழுதுவிட்டேன். பிறகு தம்பி மாட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான். "இதுலயும் இடது பக்கம் மந்தமாத்தாம்மா இருக்கு" என்றான். எனக்குக் கோபம்கூட வந்தது, மகள் கஷ்டப்பட்டு வாங்கி அனுப்பினால் இவனுக்கு எதிலும் குறைதான் என்று நினைத்தேன். அவன் தலையிலிருந்து எடுத்து என் காதில் வைத்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது. திருப்பி அவனுக்கே மாட்டும்போது, எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, பக்கம் மாற்றி மாட்டினேன், வலதுக்கு உரியதை இடது காதில், இடதுக்கு உரியதை வலது காதில். அவன் கண்ணைத் திறக்காமலே, "இப்பவும் இடது பக்கம்தான்" என்றான். மரி, ஹெட்போனைப் பக்கம் மாற்றலாம், காதை எப்படி மாற்றுவது?

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "தெரியும்மா, ரொம்ப நாளாவே சந்தேகம். ஹெட்போன்தான் கெட்டதுன்னு ஆயிடாதான்னுதான் வேற ஒண்ணு வரட்டும்னு பார்த்தேன்" என்றான். சின்ன வயதில் அவனுக்குக் காதில் சீழ் வடியும், ஒரு மழைக்காலம் முழுக்கத் தலையணையெல்லாம் நாறும், உனக்கும் நினைவிருக்கும். பிறகு நின்றுவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். போன கார்த்திகையில் நெரவி ரோட்டு முக்கில் இடது பக்கமிருந்து வந்த பஸ் அவன் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தட்டிவிட்டுப் போனதே, டிரைவர் ஆரன் அடித்தேன் அடித்தேன் என்று சத்தியம் செய்தான், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த மனிதனைத்தான் திட்டினோம்.

இப்போது அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை பிரெஞ்சுப் பட்டாளத்துக்கான மருத்துவப் பரிசோதனை, பாண்டிச்சேரிக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்துவிட்டது. நம் குடும்பத்தில் அது என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் தாத்தா பட்டாளத்தில் சொல்தா, அப்பாவும் சொல்தா, மாப்பிள்ளையும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துதான் இன்றைக்கு அங்கே வேலை, வீடு என்று நிற்கிறார். அப்பா இவன் பிறந்த நாளிலிருந்து இந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறார். இவன் எந்த ரெஜிமெண்டுக்குப் போவான், எத்தனை வருஷத்தில் சார்ஜெண்ட் ஆவான் என்று சண்முகசுந்தரத்திடம் பேச்சு, எருமை வாங்குமுன்னே நெய்க்கு விலை. அவரிடம் போய்ச் சொல்வது யார்? நான்தான் சொன்னேன். முதலில் சிரித்தார், மலிவுச் சாமானை வைத்துக்கொண்டு டாக்டர் வேலை பார்க்கிறாயா என்றார். தானே இரண்டு ஹெட்போனையும் எடுத்து, அவனுக்கு மாற்றி மாற்றி மாட்டி, வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். "இது இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது. பரிசோதனை முடியற வரைக்கும் உன் வாயத் தொறக்காதே" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம். பரிசோதனையில் காதுக்கு என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தலையில் ஒரு ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு காதாகச் சின்னச் சின்ன விசில் சத்தம் விடுவார்களாம், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வலது காதைப் பற்றிக் கவலை இல்லை. இடதுக்காக இவர் கண்டுபிடித்த வழியைக் கேள். அவன் வலது காதில் பஞ்சு அடைத்து, இடது காதில் மட்டும் ஹெட்போனை அழுத்திக் கட்டி, எதிரே உட்கார்ந்துகொண்டு வாக்மேனைத் துண்டுக்கு அடியில் வைத்துப் போடுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறார். அவன் காதால் கேட்க வேண்டாமாம், கண்ணால் பார்த்தால் போதுமாம். "என் தோளப் பாரு, பொத்தான அமுக்கறப்ப தோள் அசையும் பாரு, டாக்டருக்கும் அசையும்" என்கிறார். பிள்ளையும் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு விரலைத் தூக்குகிறான். பத்துக்கு எட்டு சரியாக வருகிறது. சரியாக வரவர எனக்கு இரண்டு பயம். தேறாவிட்டால் அவன் வாழ்க்கை என்ன ஆகும் என்று ஒரு பயம், தேறிவிட்டால் துப்பாக்கிச் சத்தத்தில் மிச்சக் காது என்ன ஆகும் என்று அதைவிடப் பெரிய பயம். அவனைத் தனியாகக் கேட்டேன். "போகணும்மா, அப்பாவுக்காகவும்தான், எனக்காகவும்தான்" என்கிறான். யாரிடம் சொல்லி அழுவது, சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். மாப்பிள்ளை ஒரு வார்த்தை எழுதினால் அப்பா கேட்பார். ஆனால் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேருவதற்குள் வியாழக்கிழமை போய்விடும், தெரிந்தும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. மேலே எழுதியதைத் தபாலில் போடாமல் அரிசி டின்னுக்குள்ளேயே வைத்திருந்தேன். அவர்கள் போய் வந்துவிட்டார்கள், நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வியாழன் விடியற்காலை பஸ்ஸுக்கு அப்பா கோட்டு போட்டுக்கொண்டு, பதக்கத்தையும் குத்திக்கொண்டு கிளம்பினார். பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, தபசு காலமாக இருந்ததால் ஒருசந்தி விரதம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கொல்லைக்குப் போய்க் கால் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். தம்பிதான் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்.

எடை, உயரம், கண், நெஞ்சு எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். காதுக்கு ஒரு சின்ன அறையாம். அங்கே மாட்டின ஹெட்போனைப் பற்றி அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம்ம ஹெட்போன் மாதிரி இல்லம்மா. நல்ல கனம், காதை முழுசா மூடிடுச்சு, வெளிச் சத்தம் துளிகூட வரல. நம்மளுது தொளதொளன்னு இருக்கும்ல, அதுல இடது பக்கம் போடற சத்தம் கசிஞ்சு வலது காதுக்குக் கொஞ்சம் வந்திருக்கு போலிருக்கு, நான் இடதுதான் ஏதோ கேக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். இதுல ஒண்ணுமே இல்லம்மா. கிணத்துக்குள்ள தலைய விட்டாக்கூட ஏதாவது கேக்கும்." டாக்டரின் தோளைப் பார்த்து இரண்டு மூன்று தடவை விரலைத் தூக்கினானாம், சரியாகத்தான் இருந்திருக்கிறது, டாக்டர் தலையை ஆட்டி நல்லது என்றாராம். அந்த நல்லது என்ற வார்த்தைதான் அவனைப் பயமுறுத்திவிட்டது. இன்னொரு காதும் இப்படி ஆகிவிட்டால் யார் தோளைப் பார்ப்பது என்று தோன்றியதாம். தானே அதைக் கழற்றி மேசை மேல் வைத்து, இந்தக் காது கேட்காது என்று பிரெஞ்சிலேயே சொல்லிவிட்டான்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லையாம். விளக்கு வைத்துப் பார்த்து, இடது காதுச் சவ்வில் பழைய ஓட்டை இருக்கிறது, வலதிலும் லேசாகப் பழுது தொடங்கியிருக்கிறது, துப்பாக்கிப் பக்கம் போனால் இரண்டும் போய்விடும் என்றிருக்கிறார். வெளியே உட்கார்ந்திருந்த அப்பாவைக் கூப்பிட்டு இதைச் சொல்லி, வீட்டில் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாராம். அப்பா விறைப்பாக நின்றுகொண்டு, தெரியாது என்றாராம். பிள்ளை பக்கத்தில் நிற்கிறான். காகிதத்தில் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் சவ்வை ஒட்டுப் போடலாம், சீக்கிரம் காட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாராம்.

மூன்று நாளாக அப்பா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவே தபால்காரன் வேலை பார்த்தேன். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பிள்ளைக்குக் காது மிஞ்சியதே என்று ஒரு வார்த்தை வரவில்லையே அந்த வாயில். இன்றைக்குப் பூசை முடிந்து வந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன், அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஏன் ஒர்த்தான்ஸ், சின்னதுல கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டானே, திமிரு திமிருன்னு பெல்ட்டக் கழட்டுவேனே" என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திவிட்டார். பிறகு, "அப்பல்லாம் அவனுக்குக் கேக்கவே இல்லையா" என்று கேட்டார். மரி, நீயும் அந்த அடிகளைப் பார்த்தவள், குறுக்கே விழுந்து தடுத்தவள். நான் மீனை அரிந்துகொண்டே இருந்தேன். தம்பி கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா வாசலில் நின்றபடியே கூப்பிட வாயெடுத்தார், மூடிக்கொண்டார். இறங்கிப் போய், கிணற்றைச் சுற்றிக்கொண்டு, அவனுக்கு நேர் எதிரே போய் நின்று, "சாப்பிட வாடா" என்றார்.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். அடுத்த வாரம் அவனை ஆஸ்பத்திரிக்கு அப்பாவே அழைத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். பட்டாளம் இல்லாமல் அங்கே வந்து பிழைக்க என்ன வழி என்று மாப்பிள்ளையை விசாரித்து எழுதச் சொல். குட்டிப் பெண்ணைக் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள், எண்ணெய் கிண்ணெய் விடாதே, கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அதட்டாதே, டாக்டரிடம் காட்டு. இன்னொரு ஹெட்போன் வாங்கி அனுப்ப வேண்டாம், இரண்டும் நல்லதுதான். தம்பிக்குப் பாவம் பார்த்து எழுதாதே, அவனுக்குப் பிடிக்காது. கேசட்டில் அவனிடம் பேசும்போது எப்போதும் போலக் கேலி பேசு, கத்திப் பேச வேண்டாம், வலது காது நன்றாகக் கேட்கிறது.

உங்கள் மூவரையும் மாதா கைவிடாமல் காப்பாற்றட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ஒர்த்தான்ஸ்