கோயில் லத்தீனும் கம்பெனிக் காகிதமும்

ராயபுரம்

அன்பு மகள் மகிமாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் டப்ளினில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் கை வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, சாப்பிடச் சொன்னால் ஜோவின் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். உன் தம்பி செத்துப்போய் இந்த வெள்ளியோடு எழுபது நாள்.

மருமகள் ரூத் என்னோடு பேசுவதில்லை. ஜோ டிரெய்லர் ஓட்டிய கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தில் எக்ஸ் கிரேஷியா என்று போட்டிருந்தது. கோயில் பாடகர் குழுவில் நாற்பது வருஷம் லத்தீனில் பாடியவனுக்கு இது தெரியாதா என்ற திமிர் எனக்கு. கிராசியா என்றால் அருள், மாதா செபத்திலேயே வருகிறது, மனமிரங்கிப் பணம் தருகிறார்கள், கையெழுத்துப் போடும்மா என்று நானே பேனாவை நீட்டினேன். அவள் தயங்கினாள். அதனால்தான் காகிதத்தைப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினாய், அவளும் போட்டுவிட்டாள்.

போன வாரம் திருவொற்றியூரில் டிரைவர் யூனியன் அமீருதீனிடம் காட்டினோம். பெரியவரே, அருளு கிருபைலாம் கோயில்ல சரி, கம்பெனிக்காரன் இத எய்தினான்னா எங்க மேல தப்பே இல்ல, ஏதோ பாவம்னு குடுக்கிறோம்னு அர்த்தம், இன்னாத்துக்கு அவசரப்பட்டு போட்டீங்க என்றார். கீழே பொடி எழுத்தில் டிரைவரின் கவனக்குறைவு என்றும் இருந்தது. என் லத்தீன் திமிரில் நான் அதுவரைக்கும் படிக்கவே இல்லை. யார்டில் பிரேக் பிடிக்காத டிரெய்லரைக் கொடுத்து என் பிள்ளையைச் சுவரில் மோதவிட்டு, பழியையும் அவன்மேல் போட்டு, அதற்குக் கருணை வேறு. நான் கோயில் அர்த்தத்தை நம்பி ஏமாந்தேன். நீ இன்சூரன்ஸ் ஆபீஸில் தினமும் இந்தச் சொல்லைத் தட்டுகிறவள், உனக்குமா தெரியாது? தெரிந்துதான் விரலைத் தூக்கினாயா, இல்லை படிக்கவே இல்லையா?

ரூத் செக்கை பேங்கில் போடவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வழக்குப் போடப்போகிறாள். என் பேச்சைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள் என்று நான் எல்லார் முன்னாலும் சொல்வேன். சாவதற்கு முதல்நாள் ஜோ, பிரேக் பிடிக்கவில்லை, சொன்னால் ஓட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்கிறார்கள் என்று உனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை ரூத் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். அவன் போன் நொறுங்கிப்போயிற்று, இனி அது உன் போனில்தான் இருக்கிறது. அவள் மூன்று முறை கேட்டும் நீ அதை அனுப்பவில்லையாம். கேஸில் உன் பேர் வந்தால் அங்கே வேலைக்கு இடைஞ்சல் என்ற பயமா? அவன் கவனமில்லாமல் செத்தான் என்று தெருவில் பேசுகிறார்கள், மகிமா.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஜோ பேசியதை மறக்காமல் அனுப்பு, அவன் குரலைக் கேட்க அம்மா காத்திருக்கிறாள். அழித்துவிட்டாய் என்றால் அதையும் எழுது, அவளிடம் எப்படிச் சொல்வதென்று நான் யோசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா பாஸ்கல்